பாதுகாப்பான முதற் பயணம்: மன்னார்க் கரையை முன்வைத்து

கி.பி. 1344 ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து தென்னிந்தியாவின் மஃபர் கரைக்குப் புறப்பட்ட ஒரு கப்பல், மூன்று நாளில் முடிய வேண்டிய பயணம் நீண்டு, ஒன்பதாம் நாள் இலங்கைக் கரையை அடைந்தது. அதில் இருந்தவர் உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா. மாலுமிகள் இறங்கத் தயங்கினார்கள். அது ஆரியச்சக்கரவர்த்தியின் துறை. வணிகர் அச்சமின்றி இறங்கும் இடமல்ல என்பது அவர்கள் கூறிய காரணம். இப்னு பதூதா தாம் யார், யாரிடம் போகிறவர் என்பதை முதலில் அறிவித்தார். மன்னரிடமிருந்து அழைப்பு வந்தது. பாவா ஆதம் மலையைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஆண்டுதோறும் அங்கு போய்வரும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர், மன்னரின் தோழர் பத்துப்பேர், உணவு சுமக்கப் பதினைந்துபேர் என ஒரு கூட்டமே அவருடன் அனுப்பப்பட்டது. வழியில் அட்டைகள் கடிக்கும். அதற்காக அவ்வூரார் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருப்பார்கள் என்பதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் திரும்பும் வரை கப்பல் துறையில் காத்திருந்தது.

இந்த ஒரு நிகழ்ச்சியில் நான்கு பாடங்கள் அடங்கியுள்ளன. இறங்குமுன் கேட்டறிதல், பாதை தெரிந்தவரோடு போதல், தெரிந்த ஆபத்துக்குரிய மருந்தை முன்கூட்டியே எடுத்துச் செல்லல், திரும்பும் வழியை உறுதி செய்துவிட்டுப் புறப்படல். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. விமானமும் கைத்தொலைபேசியும் வந்துவிட்டன. ஆனாலும் அறியாத வெப்ப நாடொன்றுக்கு முதன்முறை போகிற ஒருவருக்கு இந்த நான்குக்கு மேல் சொல்ல அதிகமில்லை.

இதை நாம் ஏன் அறிந்திருக்க வேண்டும்? ஓகஸ்ட் விடுமுறை வந்தால் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் மாமியின் பிள்ளைகளோ சாச்சியின் பிள்ளைகளோ வருகிறார்கள். அவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். நமக்குச் சொந்த வீடாகிய இந்த நாடு அவர்களுக்கு ஓர் அந்நிய வெப்ப நாடு. "என்ன கொண்டு வர வேண்டும்? எங்கே போகலாம்?" என்று அவர்கள் கேட்பது பெரியவர்களிடமல்ல, நம்மிடந்தான். அவர்கள் பார்க்க விரும்பும் இடம் மன்னார் என்றால், திட்டமிடும் பொறுப்பு நம் கையில் வந்துவிடுகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். கயிறு எது, முளை எது என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

காற்றைக் கேட்டுக் காலத்தைத் தெரிதல்

மன்னார் இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றுடன் பெய்துவிடும். இதனையே நம்மவர் வாடை என்பர். மே முதல் செப்டெம்பர் வரை வீசுவது சோளகம். அது மழை தராது. மணலை அள்ளி வீசும். தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் 30 காற்றாலைகள் அந்தக் காற்றின் பலத்துக்குச் சாட்சி. 'தம்பபவனி' எனப்படும் அந்த மின்னுற்பத்தி நிலையத்தின் கொள்ளளவு 103.5 மெகாவாற்று.

மன்னார் மீனவருக்குக் கடல் ஒன்றல்ல, இரண்டு. மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். பாக்குநீரிணைப் பக்கம் வடகடல். சோளகத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடையில் நிலைமை தலைகீழாகும். அதனால்தான் மீனவர் பருவத்துக்குப் பருவம் வாடியை மாற்றுகிறார்கள். ஓகஸ்டில் வரும் விருந்தினர் எந்தக் கரையில் கால் நனைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

வாடைக்காலத்தைத் தெரிபவர் வங்காலைப் பறவைகள் சரணாலயத்தில் பூநாரைகளைக் காணலாம். ஆனால் புயலெச்சரிக்கையையும் நாள்தோறும் கேட்க வேண்டும். 1964 டிசம்பரில் வீசிய புயல் அக்கரையிலுள்ள தனுஷ்கோடியை அழித்ததையும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நடந்த கப்பற் போக்குவரத்து அத்துடன் இடம் மாறியதையும் நம் மூத்தோர் இன்றும் பேசுவர். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

புறப்படு முன் செய்ய வேண்டியவை

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர் அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று பார்க்க வேண்டும். இணையவழிப் பயண அனுமதியை அரசாங்கத்தின் இணையத்தளத்திலேயே பெற வேண்டும். அதைப்போலத் தோன்றும் போலித் தளங்கள் உண்டு. கடவுச்சீட்டு, காப்புறுதி, மருந்துச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகள் ஒரு தொகுதி அவர்களிடமும் ஒரு தொகுதி நம் வீட்டிலும் இருக்கட்டும்.

ஆறு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் காணச் சொல்லுங்கள். ஏற்பு, நெருப்புக்காய்ச்சல், ஈரலழற்சி 'ஏ' ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைப் பற்றி அவரே தீர்மானிப்பார். மஞ்சட்காய்ச்சல் உள்ள ஆபிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் வழியாக வருபவரிடம் அந்தத் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். நாளாந்தம் மருந்து எடுப்பவர் முழுப் பயணத்துக்கும் போதுமான அளவைக் கைப்பையில் கொண்டுவர வேண்டும். பெரிய பெட்டி தவறினாலும் மருந்து தவறக்கூடாது.

உடையும் ஒரு பாதுகாப்பே. மெல்லிய பருத்தியில் வெளிர்நிற அபாயாவும் பருத்தி முக்காடும் வெயிலையும் நுளம்பையும் ஒருங்கே தடுக்கும். தடித்த கறுப்புப் பொலியெஸ்டர் துணி மன்னார் வெயிலில் உடம்பைச் சூடேற்றிவிடும். நம் உறவுப் பெண்கள் அந்தத் துணியையே வாங்கிக்கொண்டு வருவதுண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வழியும் வாகனமும்

மன்னார் தீவைப் பெருநிலத்தோடு இணைப்பது ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான தாம்போதி. அங்குள்ள புதிய பாலம் 2010 இல் திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் நின்றுபோன புகையிரதம் 2013 மே மாதத்தில் மடு வீதி வரைக்கும், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரைக்கும் மீண்டும் ஓடத் தொடங்கியது. மாடியிலும் தொங்குபடியிலும் நின்று படமெடுப்பதைத் தவிர்த்தால், குடும்பத்தோடு போவோருக்குப் புகையிரதம் வசதியானது. நேரசூசி மாறக்கூடியது என்பதால் முதல்நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்திலிருந்து இறங்கிய அன்றே மன்னாருக்குப் புறப்படுவது தவறு. இரவெல்லாம் விழித்து வந்தவர்களைச் சுமந்துகொண்டு, தானும் இரவெல்லாம் விழித்திருந்த சாரதி வான் ஓட்டுவதே நம் நாட்டில் பெரும் ஆபத்து. ஓர் இரவு ஓய்வெடுத்துவிட்டு, புத்தளத்திலோ அநுராதபுரத்திலோ இன்னோர் இரவு தங்கி, பகலில் மட்டும் பயணம் செய்யுங்கள். மதவாச்சியிலிருந்து மன்னார் போகும் பாதையில் மடுவைச் சூழக் காடு உண்டு. பொழுது சாய்ந்தால் யானை பாதைக்கு வரும். தீவுக்குள் போனால் கழுதைகள் வீதியிலேயே படுத்திருக்கும். இருட்டில் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது.

பெண்களுக்கென்று ஒரு வார்த்தை. வழியில் கழிவறை கிடைக்காதே என்று பயந்து பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வெப்ப நாட்டில் இது மயக்கத்தையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். எனவே திட்டத்தை எழுதும்போதே எங்கெங்கே இறங்கலாம் என்பதையும் எழுதுங்கள். பெரிய புகையிரத நிலையங்கள், எரிபொருள் நிலையங்கள், பெண்களுக்குத் தொழுமிடமுள்ள பள்ளிவாசல்கள் என்று குறித்துக்கொண்டால், தொழுகையும் தவறாது, தாகமும் வராது. மாதவிடாய்க்குரிய பொருட்களைத் தேவைக்கு அதிகமாகவே எடுத்துச் செல்லுங்கள். சிறு கிராமக் கடைகளில் விரும்பியது கிடைக்காது.

வெயில், நுளம்பு, நாய், பாம்பு

வெயில்: காலை பதினொன்று முதல் மூன்று மணி வரை வீட்டுக்குள் இருப்பதே வழக்கமாகட்டும். ஊரார் அப்படித்தான் வாழ்கிறார்கள். தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடிக்க வேண்டும். வயிற்றோட்டமோ வாந்தியோ கண்டால் ஜீவனிப் பைக்கற்று ஒன்றைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மீதியை ஊற்றிவிடுங்கள். வியர்வை நின்று, உடல் அனலாகக் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் அது வெப்பவாதம். நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்து, விசிறி, உடனே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நுளம்பு: "மலேரியா குளிசை எடுக்க வேண்டுமா?" என்பது வெளிநாட்டு உறவினர் தவறாமல் கேட்கும் கேள்வி. 1934–35 இல் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோன நோய் அது. ஆனால் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எனவே இங்கு மட்டும் வருபவருக்குக் குளிசை தேவையில்லை. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் 'அனோபிலிஸ் ஸ்டீபென்சி' என்ற நுளம்பு, இலங்கையில் முதன்முறையாக மன்னாரிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். 1963 இல் நாடு முழுவதிலும் வெறும் 17 நோயாளர் என்ற நிலைக்கு இறங்கிய மலேரியா, கவனம் தளர்ந்ததும் சில ஆண்டுகளில் மீண்டும் பரவியதை மறக்கலாகாது. ஆகவே இந்தியாவிலோ ஆபிரிக்காவிலோ தங்கிவிட்டு வரும் உறவினருக்குக் காய்ச்சல் கண்டால் "இன்ன நாட்டில் இருந்தேன்" என்று வைத்தியரிடம் சொல்லி இரத்தம் பரிசோதிக்க வேண்டும். விருந்தினருக்குக் கட்டில் விரிக்குமுன் நம் தொட்டியை மூடுவது நம் கடமை.

டெங்கு நுளம்போ பகலில் கடிப்பது. காலையிலும் மாலையிலும் அதிகம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே கொடுக்கலாம். அஸ்பிரினும் ஐபுபுரோபெனும் இரத்தக்கசிவைக் கூட்டும். வெளிநாட்டிலிருந்து வருபவரின் பையில் பெரும்பாலும் இருப்பது ஐபுபுரோபெனே என்பதால், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். காய்ச்சல் இறங்கும்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல் கண்டால், "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று ஆறுதல்படாமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். உயிருக்கு ஆபத்தான கட்டம் அதுதான்.

நாயும் பூனையும்: வெளிநாட்டுப் பிள்ளைகள் தெருநாயைக் கண்டால் தடவப் போவார்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர்நோய் தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. தொடங்குமுன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

பாம்பு: இரவில் வெளியே போகும்போது கைவிளக்கும் சப்பாத்தும் வேண்டும். தீண்டினால் வெட்டுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்டவரை அசையவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே சிகிச்சை. மன்னார் நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. நாடெங்கும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிசுக்கு 119. இந்த இரண்டு இலக்கங்களையும் விருந்தினரின் தொலைபேசியில் முதல்நாளே பதிந்துவிடுங்கள்.

கடலோரம்

ஆழமற்ற கடலில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை அந்த அசைவுக்கு விலகிப்போகும். மேலே மிதித்தால் முள்ளால் குத்தும். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும். பிறகு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தலைமன்னாரிலிருந்து ஆதாம் பாலத்தின் மணற்றிட்டுகளைப் பார்க்கப் படகில் போகலாம் என்று யாராவது அழைக்கக்கூடும். அது தேசியப் பூங்கா, இடம்மாறும் மணல், சிறிது தூரத்தில் நாட்டெல்லை. அனுமதி பெற்ற படகு, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, பகல் நேரம் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் கரையிலிருந்தே பார்த்துவிட்டு வருவது மேல். அரிப்பில் 'அல்லிராணிக் கோட்டை' என ஊரார் சொல்லும், ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாட்டிலும் கவனம் தேவை. கடல் அரித்த மண்திட்டின் விளிம்பில் அது நிற்கிறது. முத்துக்குளிப்பைக் கண்காணிக்க எழுந்த கட்டடத்தைக் கடலே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

மடுவுக்குப் போகும்போது

மடு என்றால் ஆழமான நீர்நிலை. மருதமடு என்பது முழுப்பெயர். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்த கத்தோலிக்கர் தம் அன்னையின் திருவுருவத்தைக் காப்பாற்ற 1670 அளவில் இக்காட்டுக்குக் கொண்டுவந்தனர் என்பது வரலாறு. பின்னாளில் போருக்குத் தப்பி ஓடிய ஆயிரக்கணக்கானோருக்கும் இதே இடம் புகலிடமாயிற்று. அஞ்சியவர் நாடிவந்த காடு இது.

ஓகஸ்ட் 15 ஆம் திகதித் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் கூடுவர். அந்த வாரத்தில் மன்னாரில் தங்குமிடமும் புகையிரத இருக்கையும் கிடைப்பது அரிது, பாதையும் நெரிசல். திருவிழாவைக் காணும் நோக்கமில்லாதவர் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். மற்ற நாட்களில் போனால் காட்டின் அமைதியையும் அனுபவிக்கலாம். பிறர் வணங்கும் இடத்தில் குரலைத் தாழ்த்துவதும், படமெடுக்குமுன் கேட்பதும், அங்குள்ள ஒழுங்கை மதிப்பதும் நம் மார்க்கம் கற்றுத்தந்த அதபின் பகுதியே. கூட்டத்தில் போவதானால் பிள்ளைகளின் சட்டைப்பையில் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டொன்று இருக்கட்டும். தவறினால் சந்திக்கும் இடம் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டைத் தேடிப் போகிறவர்கள்

இதுவரை சொன்னவை எந்த விருந்தினருக்கும் பொருந்தும். நமக்கு மட்டும் உரிய ஒன்று மீதமிருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, முசலி போன்ற ஊர்களிலிருந்து மக்கள் கையில் அகப்பட்டதோடு புறப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அவர்கள் புத்தளத்தில் பிறந்திருந்தாலும் லண்டனில் பிறந்திருந்தாலும், மன்னார் ஒரே சமயத்தில் சொந்த ஊரும் அந்நிய ஊருமாகும். உம்மும்மா விரலை நீட்டி, "அந்தப் புளியமரத்துக்கு அங்கால்தான் எங்கட வளவு" என்பார். கேட்ட பிள்ளைகள் பற்றைக்குள் இறங்கி ஓடப் பார்ப்பார்கள்.

அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். சுற்றுலா வந்தவர் பாதையை விட்டு விலகுவதில்லை. ஏக்கத்தோடு வந்தவரே விலகுகிறார். நெடுங்காலம் ஆளில்லாதிருந்த காணியில் புல் மூடிய, கட்டில்லாத கிணறு இருக்கலாம். பாம்பு இருக்கலாம். மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியில் போர் புதைத்துவிட்டுப்போன கண்ணிவெடி இருக்கலாம். அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது; இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஆயினும் விதி ஒன்றே: மனிதர் நாளாந்தம் நடக்கும் பாதையில் மட்டும் நடக்க வேண்டும். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். இரும்புத் துண்டு எதையும் தொடவோ நினைவுப் பொருளாக எடுக்கவோ கூடாது. வளவைப் பார்க்குமுன் கிராம சேவையாளரையோ, மீளக் குடியேறி அங்கு வாழ்பவரையோ அழைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முன்னே நடக்க, நாம் பின்னே நடப்போம். இப்னு பதூதாவுக்கு யோகிகள் முன்னே நடந்ததும் இதற்காகத்தான்.

ஒரு மாதிரித் திட்டம்

முதல் நாள்: இறங்கி ஓய்வு, வேறெதுவுமில்லை.
இரண்டாம் நாள்: பகலில் அநுராதபுரம் அல்லது புத்தளம்.
மூன்றாம் நாள்: காலையில் மடு; இருட்டுமுன் மன்னார் நகரம்.
நான்காம் நாள்: காலையில் போர்த்துக்கேயர் 1560 இல் கட்டிய கோட்டையும் பள்ளிமுனைப் பெருக்கமரமும்; மாலையில் தலைமன்னார்.
ஐந்தாம் நாள்: காலையில் அரிப்பும் சிலாவத்துறையும், அல்லது பழைய ஊர்.
ஆறாம் நாள்: வெறுமனே விட்டுவைக்கும் நாள்.

ஆறாம் நாளைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். காய்ச்சல் வந்தாலோ, காற்று அடங்காவிட்டாலோ, உம்மும்மா தம் பழைய தோழியைக் கண்டு பேச்சு முடியாவிட்டாலோ செலவிடுவதற்கு ஒரு நாள் கையில் வேண்டும். அவசரமில்லாதவர் இரவில் வான் ஓட்டச் சொல்லமாட்டார். கொந்தளிக்கும் கடலில் படகேறமாட்டார்.

இந்தத் திட்டத்தின் பிரதி ஒன்றை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு மாலையும் அவருக்கு ஓர் அழைப்பு எடுங்கள். அன்று கப்பல் துறையில் காத்திருந்தது போல, இன்று நமக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பது அதனால் உறுதியாகும். பிறகு வாகனத்தில் ஏறி, பயண துஆவை ஓதிப் புறப்படுங்கள்.